கூட்டம் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

தீயணைப்பு மீட்புப் பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தீ விபத்துத் தடுப்பு குறித்து அரை மணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அவர்களின் அனுமதியோடு தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். அடுப்பங்கரைத் தீயைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். தீயே இல்லாமல், வெள்ளமோ நில நடுக்கமோ இல்லாமல், மனிதர் ஓரிடத்தில் கூடியது ஒன்றையே காரணமாகக் கொண்டு மனிதர் மடிவதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2025 செப்டம்பர் 27 அன்று மாலை, நமது கொங்கு மண்ணிலேயே, கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடைபெற்ற அரசியல் பரப்புரைக் கூட்டத்தில் நெரிசலுக்கு 41 உயிர்கள் பலியாயின. அவர்களில் பெண்களும் பச்சிளங் குழந்தைகளும் இருந்தனர். அந்த வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்குமாறு அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். பள்ளிவாசல் வளாகத்தில் நின்றுகொண்டு கட்சி அரசியலில் நுழைய எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு தேநீர்க் கடைகளில் நான் கேட்ட ஒரு பேச்சு மட்டும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இவர்களை யார் அங்கே போகச் சொன்னது?" என்றார்கள். இறந்தவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்ற பேச்சு அது.

இது புதிய பேச்சன்று. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகக் குளத்தங்கரையில் ஏறத்தாழ 50 பேர் மாண்டபோதும் இவ்வாறே பேசினார்கள். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில், வெள்ள நிவாரணத்திற்காக விடியற்காலையிலேயே பள்ளிக்கூட வாயிலில் திரண்டு நின்ற ஏழைகள் 42 பேர் நசுங்கி இறந்தபோதும், "முண்டியடித்ததால்" என்ற ஒரே சொல்லில் செய்தியை முடித்தார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் தைப்பூசத்தை முன்னிட்டு ஒரு தனிநபர் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வழங்கிய இடத்தில் நான்கு பெண்கள் இறந்தார்கள். ஒரு சேலைக்காக! அவர்கள் பேராசைக்காரர்களா? அந்தச் சேலையின் விலை நமக்குச் சிறிது, அவர்களுக்குப் பெரிது. அவ்வளவே.

இத்தனையும் வேறு எங்கோ நடந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். சென்ற ரமழானில் நமது மதரஸா வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். நிர்வாகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நானும் அன்று அங்கேதான் நின்றிருந்தேன். குறை இருந்தால் அதில் எனக்கும் பங்குண்டு.

பெருநாளுக்கு முந்தைய நாள் அஸருக்குப் பிறகு ஃபித்ரா அரிசி வழங்கப்படும் என்று அறிவித்திருந்தோம். லுஹர் முடிவதற்குள்ளாகவே பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நமது மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் மட்டுமல்லர். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும், சமய வேறுபாடின்றி, கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் பலர் வந்திருந்தார்கள். நோன்பு நேரம், கடும் வெயில். இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளில் ஒன்றை மட்டும் ஒரு முழ அகலத்திற்குத் திறந்து வைத்து, ஒவ்வொருவராக உள்ளே விட்டோம். அது ஒழுங்கு என்று நினைத்தோம். பாதி விநியோகம் முடிந்தபோது தொண்டர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், மெகாபோனை எடுத்து, "இன்னும் நாற்பது பைதான் இருக்கிறது, யாரும் அவசரப்படாதீர்கள்" என்று அறிவித்தார்.

அந்த வாக்கியத்தின் முதற் பாதிதான் மக்களின் செவியில் விழுந்தது. பின்னால் நின்ற இருநூறு பேரும் ஒரே நொடியில் ஓர் அடி முன்னால் வைத்தார்கள். ஓர் அடிதான். முன்வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவரின் முகம் கேட்டுக் கம்பியில் அழுந்திவிட்டது. அவருடைய கால்கள் தரையில் படவில்லை. உள்ளே இருந்த நாங்கள் அனைவரும், "பின்னால் போங்கள், பின்னால் போங்கள்" என்று அந்த மூதாட்டியைப் பார்த்தே கத்தினோம். அவர் எங்கே போவார்? அவருக்குப் பின்னால் இருநூறு பேரின் கனம். கேட்டைத் திறக்கலாம் என்றால், அது வெளிப்புறமாகத் திறக்கும் கேட்டு. கூட்டமே அதற்குத் தாழ்ப்பாளாகிவிட்டது.

அப்போது நமது மஹல்லாவைச் சேர்ந்த பையன் ஒருவன் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, கேட்டுக்கு அருகில் இருப்பவர்களைப் பார்க்காமல், தெருக்கோடியில் கடைசியாக நின்றவர்களை நோக்கிக் கையை உயர்த்தி, "கடைசியில நிக்கிற அம்மாமாருங்க முதல்ல ரெண்டு எட்டு பின்னால போங்க, எல்லாருக்கும் அரிசி இருக்குது" என்று கூவினான். கடைசி வரிசை நகர்ந்தது. அதற்கு முந்தைய வரிசை நகர்ந்தது. அரை நிமிடத்தில் அந்த மூதாட்டியின் கால் தரையைத் தொட்டது. அல்ஹம்துலில்லாஹ், மூச்சுத் திணறலோடு முடிந்தது.

பிறகு அவனை அழைத்து, இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். பொள்ளாச்சிச் சந்தையில் தன் தந்தையோடு மாடு ஏற்றி இறக்கும் வேலை செய்பவன் அவன். வண்டியில் மாடு நெருக்கிக்கொண்டால் முன்னால் நிற்பதை அடிக்கக் கூடாது, பின்னால் நிற்பதைத் திருப்ப வேண்டும் என்றான். தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், உவமை அவனுடையது. ஆனால் முப்பது ஆண்டு சீருடை அணிந்த நான் அந்த நேரத்தில் செய்யத் தவறியதை அவன் செய்தான். மேலும் ஒன்று தோன்றிற்று. வண்டிக்கு எத்தனை மாடு என்று கணக்குப் பார்த்து ஏற்றுகிறோம். முற்றத்திற்கு எத்தனை மனிதர் என்று நம்மில் எவரும் இதுவரை கணக்குப் பார்த்ததில்லை.

நெரிசலில் மனிதர் எவ்வாறு இறக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மிதிபட்டு இறக்கிறார்கள் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். உண்மையில் பலர் நின்ற நிலையிலேயே மூச்சடைத்து இறக்கிறார்கள். நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். நான்கு புறமும் உடல்கள் இறுக்கினால் விரிவதற்கு இடமில்லை. வெளியே காற்று இருந்தும் உள்ளே செல்வதற்கு வழியில்லாமல், சில நிமிடங்களில் நினைவு தப்பி, பிறகு உயிர் பிரிகிறது. உயரம் குறைந்தோர், முதியோர், குழந்தைகள் ஆகியோரே முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள கட்டம் ஒன்றைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். அதில் இருவர் நின்றால் தாராளம். நால்வர் நின்றால் நெருக்கம். ஆயினும் ஒருவர் தம் விருப்பப்படி திரும்பிச் செல்ல இயலும். ஐந்து பேரைத் தாண்டினால் அபாய எல்லை தொடங்கிவிட்டது. ஆறு, ஏழு என்று ஏறும்போது அங்கே தனி மனிதர்கள் இல்லை. கூட்டம் நீரைப் போல அலையடிக்கத் தொடங்கும். ஓரிடத்தில் பட்ட உந்துதல் பல அடி தள்ளியிருப்பவரைத் தூக்கி எறியும். அந்நிலையில் எவரும் எவரையும் தள்ளுவதில்லை, எல்லோரும் தள்ளப்படுகிறார்கள். ஆகவே பீதியால் மக்கள் இறந்தார்கள் என்று சொல்வது பெரும்பாலும் தலைகீழான கூற்று. முதலில் இடம் நெருக்கியது, பிறகு மூச்சு முட்டியது, அதன் பிறகே பீதி வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், முன்னால் நடப்பது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. கூட்டத்திற்குக் கண் கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவரை உயரமான இடத்தில் நிறுத்துவது அந்தக் கண்ணைக் கொடுப்பதற்காகவே.

நமது தொழுகையை எடுத்துக்கொள்வோம். ஸஃப்பில் நிற்கும் ஒருவர் ஸஜ்தா செய்வதற்குத் தோள் அகலமும் நான்கு அடி நீளமும் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர்கூட இல்லை. ஆகவே ஈத்கா திடல் நிரம்பி வழிந்தாலும், தொழுகையில் இருக்கும் வரையில் நாம் பாதுகாப்பாகவே இருக்கிறோம். ஸலாம் கொடுத்து, குத்பா முடிந்து, முஸாஃபஹா செய்து, எல்லோரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடி வாயிலை நோக்கிக் குவியும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வாயில் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 பேர் இயல்பாக வெளியேறலாம். படிக்கட்டாயின் அதனினும் குறைவு. மூன்று மீட்டர் அகல வாயில் ஒன்றும் 3,000 தொழுகையாளிகளும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை நிமிடத்தில் திடல் காலியாக வேண்டும். அதே வாயிலின் இருபுறமும் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி, பலூன்காரரும் ஐஸ் வண்டியும் ஆளுக்கு ஓரடி பிடித்துக்கொண்டு, ஸதகா கேட்போர் வரிசையாக அமர்ந்து, அகலம் பாதியாகிவிட்டால் இருபத்தைந்து நிமிடமாகும். ஆனால் மக்கள் இருபத்தைந்து நிமிடம் காத்திருக்க ஆயத்தமாக இல்லை. வீட்டில் பிரியாணி காத்திருக்கிறது! சிரிக்கிறீர்கள். உண்மையைத்தான் சொல்கிறேன். 2011 ஜனவரி 14 அன்று சபரிமலைக்கு அருகில் புல்லுமேட்டில் மகர ஜோதியைத் தரிசித்துவிட்டு ஒரே நேரத்தில் ஊர் திரும்ப முற்பட்ட பக்தர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் தமிழகத்தவரும் பலர். கூடும்போது நேராத விபத்து கலையும்போது நேர்கிறது.

இனி, பயிற்சி பெற்றவர் என்று நான் யாரைக் குறிப்பிடுகிறேன் என்பதற்கு வருகிறேன். 2003 பிப்ரவரி 20 அன்று இரவு, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையால் தீப்பற்றி 100 பேர் இறந்தார்கள். அத்தகைய விடுதி நமக்கு ஆகாத இடம் என்பதை விட்டுவிடுங்கள். படிப்பினை எல்லோருக்கும் பொது. அந்தக் கட்டடத்தில் வேறு வாயில்களும் இருந்தன. ஆயினும் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாயிலை நோக்கியே ஓடினார்கள். ஒன்றரை நிமிடத்திற்குள் அந்த வாயில் மனித உடல்களால் அடைபட்டுப் போயிற்று. வேறு வழி இருக்கிறது என்று உரிய நேரத்தில் கைகாட்டிச் சொல்ல அங்கே போதிய ஆளில்லை. அதன் பிறகே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தன் விதிமுறையை இறுக்கியது. மக்கள் கூடும் அரங்கம் சிறியதாயினும் பயிற்சி பெற்ற கூட்டப் பொறுப்பாளர் ஒருவராவது இருக்க வேண்டும். 250 பேருக்கு மேற்படின் 250 பேருக்கு ஒருவர் வீதம் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. நமது நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014ஆம் ஆண்டிலேயே திருவிழாக்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் உரிய விரிவான வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டிருக்கிறது. நல்ல நூல். அதைத் திறந்து பார்த்த அமைப்பாளர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

கூட்டப் பொறுப்பாளர் என்பவர் காவலர் அல்லர், அடியாளும் அல்லர். கைப்பட்டையும் பேட்ஜும் அணிந்து பிரமுகர்களுக்கு வழிவிலக்குபவரும் அல்லர். கூட்டம் வருவதற்கு முன்பே அவர் வந்துவிடுகிறார். எல்லா வாயில்களையும் தம் கையாலேயே திறந்து மூடிப் பார்க்கிறார். பூட்டியிருந்தால் சாவி எவரிடம் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். நமது ஊர்களில் பின்வாயிலின் சாவி எப்போதும், அன்று வெளியூர் சென்றுவிட்ட ஒருவரிடமே இருக்கும்! இந்த இடம் எத்தனை பேரைக் கொள்ளும் என்பதை அவர் முன்னரே அளந்து வைத்திருக்கிறார். கூட்டம் நடக்கும்போது அவர் மேடையைப் பார்ப்பதில்லை, மக்களைப் பார்க்கிறார். தலைகள் ஒருசேர அசைகின்றனவா, குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்குகிறார்களா, மூச்சுக்காக முகத்தை வானத்தை நோக்கி உயர்த்துகிறார்களா, நகர்ந்துகொண்டிருந்த வரிசை நின்றுவிட்டதா என்பவையே அவர் கவனிக்கும் அறிகுறிகள்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். தலைவர் பேசிக்கொண்டிருந்தாலும், அமைச்சர் வந்துகொண்டிருந்தாலும், விநியோகம் பாதியில் இருந்தாலும் அவர் கை உயர்ந்தால் நிற்க வேண்டும். இந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் நூறு தொண்டர்களை நிறுத்தினாலும், அவர்கள் கூட்டத்தில் மேலும் நூறு பேராகத்தான் இருப்பார்கள். அமைப்பாளர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். பயிற்சிக்குப் பணம் தருவார்கள், விசிலும் தொப்பியும் வாங்கித் தருவார்கள். தங்கள் நிகழ்ச்சியை இருபது வயது இளைஞன் ஒருவன் நிறுத்துவதைப் பொறுத்துக்கொள்ள மனம் வராது.

பயிற்சியில்லாத நல்லெண்ணம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு நமது ஃபித்ரா அறிவிப்பே சான்று. பொருள் தீரப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லவே கூடாது. திறந்திருக்கும் கேட்டைத் திடீரெனச் சாத்துவதும், சாத்திய கேட்டைத் திடீரெனத் திறப்பதும் கூடாது. தண்ணீர்ப் பாட்டிலையோ மிட்டாயையோ கூட்டத்திற்குள் வீசக் கூடாது. முன்வரிசைக்கு எதிரே கைகோத்து நின்று தடுப்பது வீரமாகத் தோன்றும். பின்னாலிருந்து வரும் அழுத்தத்திற்கு எதிரே நீங்கள் ஒரு சுவராகிவிடுகிறீர்கள், இடையில் நிற்பவர் நசுங்குகிறார். கூட்டம் சேரும் முன் தெருமுனையிலேயே தடுத்து, சிறுசிறு குழுவாக விடுவதே முறை. நமது வட்டாரத்தில் ஆனைமலை மாசாணியம்மன் குண்டம் போன்ற பெருந்திருவிழாக்களில் சவுக்குக் கம்பு கட்டி வளைந்து வளைந்து செல்லும்படி வரிசை அமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடையை நீட்டி நெருக்கத்தைக் குறைப்பதே அதன் பயன். 1992இல் அத்தனை பேரைப் பலிகொடுத்த கும்பகோணத்தில், 2016 மகாமகத்தின்போது அத்தகைய துயரம் நேரவில்லை. அண்டைச் சமூகத்தாரிடமிருந்து நல்லதைக் கற்பதில் நமக்குத் தயக்கம் வேண்டாம்.

ஏனெனில் நமது சமுதாயம் இதில் தலைகுனிய வேண்டிய செய்திகள் பல உள்ளன. 2008 செப்டம்பரில், ரமழான் மாதத்தில், இந்தோனேசியாவின் பசுருவான் நகரில் செல்வந்தர் குடும்பம் ஒன்று தன் வீட்டு வாசலில் ஜகாத் வழங்கியபோது 21 பெண்கள் நெரிசலில் இறந்தார்கள். தலைக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்று டாலர். 2015 ஜூலையில், அதுவும் ரமழானில், வங்காள தேசத்தின் மைமன்சிங்கில் ஜகாத் துணி வாங்க வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஏப்ரலில், பெருநாளுக்குச் சில நாள்களே இருந்தபோது, யமன் நாட்டின் சன்ஆ நகரில் வணிகர்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பணம் வழங்கிய இடத்தில் குறைந்தது 78 பேர் இறந்தார்கள். ஜகாத் ஏழையின் உரிமை என்று மேடைதோறும் பேசுகிறோம். உரிமைக்காரரைத் தெருவில் வெயிலில் நிறுத்தி, கேட்டுக் கம்பியில் முகம் நசுங்கப் பெற்றுக்கொள்ளச் செய்வது எந்த வகையில் சேரும்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. இகாமத் கேட்டாலும் ஓடி வராமல் நிதானத்துடன் நடந்து வருமாறு அவர்கள் பணித்திருப்பதை நாம் அறிவோம். ஹஜ்ஜத்துல் விதாவின்போது அரஃபாவிலிருந்து திரும்பும் வழியில், பின்னால் ஒட்டகங்களை அதட்டி விரட்டும் ஓசையைக் கேட்டு, சாட்டையால் சைகை காட்டி, அமைதியைக் கடைப்பிடிக்குமாறும் விரைவதில் நன்மையில்லை என்றும் அறிவுறுத்தியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதே பயணத்தில் நபியவர்கள் தமது வாகனத்தை மிதமாகவே செலுத்தினார்கள் என்றும், இடைவெளி கண்ட இடத்தில் மட்டுமே வேகப்படுத்தினார்கள் என்றும் உஸாமா (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். முஸ்தலிஃபாவில், உடல் கனத்து மெதுவாக நடப்பவரான அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், மக்கள் நெரிசலுக்கு முன்பாகவே புறப்பட்டுச் செல்ல அனுமதி கேட்டபோது நபியவர்கள் அனுமதித்தார்கள். மதீனாவிலோ, ஸலாம் கொடுத்த பின் அவர்கள் சிறிது நேரம் அமர்ந்திருப்பார்கள் என்றும், அதற்குள் பெண்கள் வெளியேறிவிடுவார்கள் என்றும் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இவை யாவும் புகாரியில் பதிவாகியுள்ளன. பலவீனரை முன்னதாக அனுப்புதல், கலைவதைப் பகுதி பகுதியாக அமைத்தல், இடம் பார்த்து வேகம் கொள்ளுதல் ஆகியவற்றை இன்று பொறியாளர்கள் கணினியில் கணக்கிட்டுச் சொல்கிறார்கள்.

இந்த வழிகாட்டலைப் பெற்ற நாமே மினாவில் என்ன பாடுபட்டோம்! 1990 ஜூலை 2 அன்று சுரங்க நடைபாதையில் 1,426 ஹாஜிகள் ஷஹீதானார்கள். ஜமராத்தில் 1994, 1998, 2004 எனத் திரும்பத் திரும்ப நெரிசல். 2006 ஜனவரி 12 அன்று மட்டும் 340க்கும் மேற்பட்டோர். அதன் பிறகே பழைய பாலத்தை இடித்து, ஏறும் வழியும் இறங்கும் வழியும் எதிர்ப்படாதவாறு ஐந்து தளங்களில் புதிய பாலத்தைக் கட்டினார்கள். கல்லெறியும் தூண்கள் 2004 ஹஜ்ஜுக்குப் பிறகே நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டிருந்தன. எந்தக் கூடாரத்தார் எந்த நேரத்தில் புறப்படுவது என்று அட்டவணையும் வகுத்தார்கள். அந்தப் பாலம் அன்றிலிருந்து ஹாஜிகளைக் காத்து வருகிறது. ஆயினும் 2015 செப்டம்பர் 24 அன்று, பாலத்தில் அன்று, அதற்குச் செல்லும் வழியில் 204ஆம் தெருவும் 223ஆம் தெருவும் கூடும் இடத்தில் இரு கூட்டங்கள் முட்டிக்கொண்டன. சவூதி அரசின் கணக்குப்படியே 769 பேர் இறந்தார்கள். நாடுகள் தனித்தனியே அறிவித்த எண்ணிக்கையைக் கூட்டினால் அது 2,000த்தைத் தாண்டுகிறது. எத்தனை கோடி கொட்டிப் பாலம் கட்டினாலும், ஒரு முச்சந்தியில் நின்று, இந்தக் கூட்டத்தை நிறுத்து, அந்தக் கூட்டத்தை விடு என்று சொல்லும் ஆளின் இடத்தை அது நிரப்பாது.

நமது ஊருக்குத் திரும்புவோம். பெருநாளுக்குக் காவல்துறை வரத்தானே செய்கிறது, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். காவலர்கள் சாலையைப் பார்க்கிறார்கள், போக்குவரத்தைப் பார்க்கிறார்கள். அவர்களின் பணிக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். ஆனால் திடலுக்குள்ளும், மதரஸா முற்றத்திலும், திருமண மஹாலின் படிக்கட்டிலும் பொறுப்பு நம்முடையது. மஹால் என்றதும் 2004 ஜனவரி 23 நினைவுக்கு வருகிறது. அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் மேல்தளப் பந்தலில் தீப்பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமது மஹாலின் பின்படிக்கட்டில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் ஒவ்வொரு நிக்காஹ்விலும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒரு வாரத்தில் மீண்டும் அங்கேயே வந்துவிடுகின்றன.

நிர்வாகக் குழுவின் முன் நான் வைக்கும் கோரிக்கை சிறியது. நமது பெருநாள் கூட்டத்தை 3,000 என்று கொண்டால், 250 பேருக்கு ஒருவர் வீதம் பன்னிரண்டு பேர் தேவை. பதினாறு பேரைக் கேட்கிறேன். அவர்களில் நால்வராவது பெண்களாக இருக்க வேண்டும். ஃபித்ரா வரிசையில் நிற்போர் பெரும்பாலும் பெண்களே. தண்ணீர்த் தொட்டியில் ஏறிய அந்தப் பையன் பதினாறு பேரில் முதலாமவனாக இருக்கட்டும். அவர்களில் ஒருவருக்கு, பெருநாள் திடலிலும் விநியோகத்திலும் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை இந்தப் பொதுக்குழு தீர்மானமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். தலைவர் அவர்களும் முத்தவல்லி அவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இதைச் சொல்லும்போது அவர்கள் இருவரும் புன்னகைப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த ரமழானில் ஃபித்ரா அரிசியைப் பொறுத்தவரை, வாசலில் வரிசையே இல்லாமல் செய்ய முடியும் என்பது என் கருத்து. மஹல்லாவின் குடும்பப் பட்டியல் மோதினார் அவர்களிடம் இருக்கிறது. தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் இரவில் தராவீஹ் முடிந்தபின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பெறுபவரின் முகத்தை ஊரார் பார்க்க வேண்டியதும் இல்லை. வெளியூரிலிருந்து வருவோருக்கு மட்டும் நேரம் குறித்த டோக்கன். மணிக்கு ஐம்பது பேர், நிழலில் நாற்காலி, இரண்டு கதவுகளும் விரியத் திறந்த கேட்டு. கையிருப்பு எவ்வளவு என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. தீர்ந்துபோனாலும் டோக்கன் வைத்திருப்பவருக்கு மறுநாள் உண்டு என்ற உறுதி இருக்க வேண்டும். அதற்கான அரிசியைப் பொருளாளர் அவர்கள் முன்கூட்டியே ஒதுக்கித் தர வேண்டும்.

பயிற்சி வகுப்பு, இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா முற்றத்தில் தொடங்கும். சம்பளம் இல்லை, சான்றிதழும் இல்லை, தேநீர் உண்டு. சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் நான் கொண்டு வருகிறேன். முதல் நாள் பாடம் எதுவும் இல்லை. முற்றத்தையும் கேட்டையும் பின்படிக்கட்டையும் அளந்து, இந்த இடம் எத்தனை பேரைக் கொள்ளும் என்று எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுவோம். பின்வாயிலின் சாவி எவரிடம் இருக்கிறதோ, அவர் அன்று வெளியூர் செல்லாமல் இருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.